அரைப் புள்ளி

இரவு பன்னிரண்டுக்குள் ஐந்து பெயரையும்
தமிழ்க்கொடிக்கு அனுப்பிப் பூட்டிவிட வேண்டும்.
மணி ஒன்பதே முக்கால்.
ஜவ்வரிசி ஆலையின் மூட்டைக் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன்.
முதலாளி முன்பக்கம் மட்டும்தான் பார்ப்பார்.

எட்டுப் பேர் தொடங்கினோம், ஆறு பேர் உதிர்ந்தாயிற்று.
மிச்சம் நானும்
சூரமங்கலம் பார்சல் ஆபீஸ் மெஹராஜும்.
ஏழு ஆட்டத்தில் நான்கு வென்றவருக்குக் கோப்பை.
கோப்பை என்றால்
தோற்றவர் காசில் எட்டுப் பேருக்கும் தட்டுவடை செட்,
காரம் தூக்கலாக.

எங்கள் அணிகள் எங்கேயும் இல்லை.
அஸ்தம்பட்டியில் விளக்குப் போட்டு ஆடுகிற பையன்களை
சித்திரையில் ஒருநாள் சீட்டுக் குலுக்கி
ஆளுக்கு ஐந்தாய்ப் பிரித்துக்கொண்டோம்.
கூடைக்கு இரண்டு.
கூடையில் முடிந்த பாஸுக்கு ஒன்றரை.
பறிகொடுத்த பந்துக்கு ஒன்று கழிவு.
தாங்கள் எங்களுடையவர்கள் என்று
அவர்களுக்குத் தெரியாது.

ஜோடி போட்டுப் பார்க்கிறேன்.
என் சேட்டு, அவள் பிரசன்னா.
சேட்டு உயரம். ஆனால் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
நாளெல்லாம் குனிந்து கொலுசுக்குப் பற்று வைக்கிறவன்,
முதல் பத்து நிமிஷம் முதுகு நிமிராது,
நிமிர்ந்துவிட்டால் வளையத்தைத் தொடுவான்.
சமம்.

என் வெற்றிமணி, அவள் டேனியல்.
டேனியலுக்குப் பெண் பிறந்து பதினோரு நாள்.
தூங்காத ஆள் இடப்பக்கம் திரும்ப மாட்டான்.
எனக்கு.
மூன்றாவதில் பேச்சே இல்லை, அவளுக்கு.
நான்காவது ஜோடி இரண்டும் பெஞ்சில் உட்கார்ந்து
தண்ணீர் பாட்டில் காக்கிறவை.
சுழி, சுழி.

ஐந்தாவது: என் லூர்து, அவள் அப்சல்.
இங்கேதான் தகராறு.
மைதானத்தில் இருவரும் ஒரே அணி.
லூர்து கொடுப்பான், அப்சல் போடுவான்,
பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்,
கோரிமேட்டிலிருந்து ஒரே பைக்கில் வந்து இறங்குவார்கள்.
என் நோட்டில் மட்டும் எதிரிகள்.
ஒரே கூடை விழுந்தால்
எனக்கு ஒன்றரை, அவளுக்கு இரண்டு.
என் ஆள் நன்றாக ஆட ஆட
நான் அரை அரையாகத் தோற்கிறேன்.

நேற்று பாக்கி வசூலுக்கு ஏற்காடு போய்
கடைசி பஸ்ஸில் இறங்கினேன்.
பதினாலாவது வளைவு, பஸ் பின்வாங்கித் திரும்பியபோது
ஜன்னலுக்கு நேரே அப்சல்.
சுவரில் உட்கார்ந்து, பேண்ட்டைச் சுருட்டி,
உறைந்த பால் பாக்கெட்டை முட்டியில் அழுத்திக்கொண்டு.
பக்கத்தில் லூர்து
இரண்டு ஹெல்மெட்டையும் பிடித்தபடி
பள்ளத்தைப் பார்த்து நின்றான்.
பஸ்ஸில் வேறு யாருக்கும் அது செய்தி இல்லை.

முட்டி போனால் கூடை போகும்.
அவளுக்கு இரண்டு நட்டம், எனக்கு ஒன்றரை.
அப்படியும் அரைப் புள்ளி என் பக்கம்.
ஓர் இரவுக்குப் பன்னிரண்டு கூடை, ஏழு இரவு,
நாற்பத்திரண்டு.
நான்கு மூன்று, நான்.
எழுதி அடிக்கோடும் இழுத்தாயிற்று.

பதினொன்றே முக்காலுக்கு
அவளுக்கே போன் போட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
நாற்பத்திரண்டை மூன்று தடவை கூட்டிப் பார்த்தும்
கை அரித்துக்கொண்டே இருந்தது.

"தெரியும்" என்றாள்.
"முட்டிப் பட்டை பார்சல் என் கவுன்ட்டர்லதான் வந்துச்சு,
வியாழக்கிழமையே."
அப்புறம் ஏன் மாத்தலை?
அந்தப் பக்கம் பேக்கிங் டேப் கிழிகிற சத்தம்.
"லூர்து உன்கிட்ட இருக்கான்ல.
இவன் நின்ன எடத்துலேயே நிக்கட்டும்,
அவன் கொண்டாந்து கையில வெப்பான்.
நீ வேணா எண்ணிக்க,
இந்தத் தடவை பன்னெண்டு இல்ல, பதினாறு."

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பூட்டினேன்,
ஒரு பெயரையும் மாற்றாமல்.
அடிக்கோட்டை அடித்துவிட்டு
நான்கு மூன்று, மெஹராஜ் என்று திருத்தினேன்.
நோட்டை முன்பக்கம் திருப்பி
நாளைய லோடுக்குத் தேதி போட்டேன்.
தட்டுவடை எட்டு செட்.
அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்தாக
வாங்கிவிடலாமா,
எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது?